விதையிற் கண்ட தளை

உலகில் மிகுந்த பொறுமை உடைய பொருள் யாது என வினவின், விதை என்றே யான் விடை கூறுவேன். குதிரில் இட்டாலும் குடுவையில் அடைத்தாலும் அது வாய் திறவாது கிடக்கும். ஈரமும் வெப்பமும் தக்கவாறு வந்தெய்திய நாளிலே முளை விடும். அம்முளை மண்ணைப் பிளந்து வெளிவந்து, பச்சிலை விரித்து, தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் வரையில் அதற்கு வேண்டிய கட்டுச்சோற்றைத் தாய்ச்செடி விதையினுள்ளேயே வைத்திருக்கிறது. அக்கட்டுச்சோற்றில் மாவுப்பொருள் உண்டு, எண்ணெய் உண்டு, புரதமும் உண்டு. அவரை, துவரை, உளுந்து, கடலை முதலியவற்றில் புரதம் மிகுதி என்பதை நீங்கள் அறிவியற் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

அப்புரதங்களுள் பல வெறும் புரதங்களாக இருப்பதில்லை. செவியிலே குழை தொங்குவதுபோல, அவற்றின்மேல் சிறிய சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. சங்கிலி என்றவுடன் கரும்பின் இனிப்பை நினைத்துவிடாதீர்கள். நாவுக்கு இனிப்பதற்காக அமைந்தவை அல்ல அவை. எந்தச் சர்க்கரை, எத்தனை, எதன்பின் எது, எவ்வாறு பிணைந்தது என்று அச்சங்கிலியின் அமைப்பைக் கண்டறிவதற்கு அறிஞர் பல்லாண்டு உழைத்திருக்கின்றனர். அவ்வுழைப்பைப் பற்றியே ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

"தமிழாசிரியருக்கு இச்செய்தியில் என்ன வேலை?" என்று உங்களுள் ஒருவர் கேட்கலாம். கேட்பதும் முறையே. யான் இளமையில் ஆசிரியர் ஒருவரின் திண்ணையில் அமர்ந்து நன்னூலும் யாப்பருங்கலக் காரிகையும் பாடம் கேட்டவன். பள்ளி மாணவர்க்குத் தமிழ் கற்பித்தே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவன். வேதியியற் கூடத்தினுள் யான் அடியெடுத்து வைத்ததில்லை. ஆயினும் இச்செய்தி என் இல்லத்தின் கதவைத் தானே வந்து தட்டிற்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர், என் மகள் வயிற்றுப் பேத்திக்கு அடிக்கடி தும்மலும் கண்ணரிப்பும் உண்டாயின. பூந்தாதினால் வரும் ஒவ்வாமை எனக் கருதிய மருத்துவர் அவள் குருதியைச் சோதிக்கச் செய்தார். சோதனைத் தாளில், பூந்தாதோடு நிலக்கடலையும் ஒவ்வாதது எனக் குறிக்கப்பெற்றிருந்தது. அச்சிறுமியோ அதுவரையில் கடலையுருண்டையை விரும்பி உண்டு, யாதொரு தீங்கும் அடையாதவள். எனினும், தாளில் எழுதியதை மீறும் துணிவு பெற்றோர்க்கு எங்ஙனம் வரும்? நிலக்கடலை சிலர்க்கு உயிரையே மாய்க்கும் ஒவ்வாமையை விளைவிக்கும் என்பது மெய்யேயன்றோ? ஆதலின் ஓராண்டுக் காலம் எங்கள் வீட்டினுள் கடலை நுழையவில்லை. பள்ளியில் தோழியர் நீட்டும் தின்பண்டத்தைத் தொடவும் அவள் அஞ்சினாள். விருந்துகளில் ஒதுங்கி நின்றாள். குழந்தையின் முகத்தில் அச்சம் குடியேறுவதைக் காண்பது பெரியோர்க்கு எளிதன்று.

பின்னர், ஒவ்வாமை மருத்துவத்தில் வல்ல அம்மையார் ஒருவரிடம் அவளை அழைத்துச் சென்றோம். அவர் மீண்டும் குருதியைச் சோதித்து, "ஐயா, இவள் உடலில் தோன்றியுள்ள எதிர்ப்பொருள் கடலையின் புரதத்தைப் பற்றவில்லை, அப்புரதத்தின்மேல் உள்ள சர்க்கரைச் சங்கிலியைப் பற்றுகிறது. அத்தகைய எதிர்ப்பொருளால் பெரும்பாலும் தீங்கு வாராது" என்றார். கூறியதோடு அவர் அமையவில்லை. ஒவ்வாமைக்குக் காரணமாகும் கடலைப் புரதங்களைத் தனித்தனியே வைத்துச் சோதித்தார். மருத்துவமனையில் தம் கண்முன்னரே சிறுகச் சிறுகக் கடலையை உண்பித்துப் பார்த்தார். அதன் பின்னரே இசைவு தந்தார். மாணவர்களே, இஃது ஒன்றை மறவாதீர்கள்: இத்தகைய முடிவைச் செய்தற்கு உரியவர் மருத்துவரே. வீட்டில் தாமே சோதித்துப் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

அன்று முதல் அச்சங்கிலி என் நெஞ்சை விட்டு அகலவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பொருளின் அமைப்பை யாரோ எங்கோ அமர்ந்து ஆராய்ந்திராவிட்டால், அம்மருத்துவ அம்மையார் அச்சொல்லைச் சொல்லியிருக்க இயலுமா? உயிர்வேதியியலில் ஆராய்ச்சி செய்துவரும் என் பழைய மாணவர் ஒருவர் பொங்கலுக்கு என்னைக் காண வந்தபோது, இதனை அவரிடம் கேட்டேன்.

"ஐயா, புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட மாலை. நார் ஒன்று, பூக்கள் பல. அதன் வரிசையை அறிந்தால் பெரும்பாலும் அதனை அறிந்தவர் ஆவோம். சர்க்கரைச் சங்கிலி அவ்வாறு அன்று. அது கிளை விடும். மேலும், இரண்டு சர்க்கரைகள் சேரும்போது அவை எவை என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த இடத்தில், எந்த முகமாகச் சேர்ந்தன என்றும் சொல்ல வேண்டும்" என்றார் அவர்.

"அப்படியாயின், தம்பி, அது தளையன்றோ?" என்றேன்.

அவர் சற்று வியந்தார். யான் விளக்கினேன். செய்யுளில் சீர்கள் அடுத்தடுத்து நிற்கும். ஒரு சீர் மற்றொரு சீரோடு பிணையும் பிணைப்புக்குத் தளை என்று பெயர். அதனை அறிதற்கு இரண்டு சீரையும் முழுமையாக ஓதிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. நின்ற சீரின் வாய்பாட்டையும் வருஞ்சீரின் முதலசையையும் நோக்கினால் போதும். மாச்சீரின் முன் நிரை வந்தால் ஒரு தளை. நேர் வந்தால் வேறொரு தளை. தளை மாறினால் ஓசை மாறும். ஓசை மாறினால் வெண்பா வெண்பாவாக நில்லாது.

"சரியாகச் சொன்னீர்கள், ஐயா! ஒரு சர்க்கரையின் முதற் கார்பன் அணு, அடுத்த சர்க்கரையின் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஆறாவது கார்பன்களுள் எதனோடு பிணைந்தது என்பதே எங்கள் தளை. அப்பிணைப்பும் ஆல்ஃபா, பீட்டா என இரு முகமாக அமையும்" என்று அவர் மகிழ்ந்து கூறினார். ஒரே அமினோ அமிலத்தின் இரண்டு அலகுகள் புரதத்தில் இணைதற்கு வழி ஒன்றே. ஆனால் வளைய வடிவுடைய குளுக்கோஸ் இரண்டு இணைதற்கோ 11 வழிகள் உண்டு என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

இதன் பயன் எத்துணைப் பெரிது என்பதை உங்கள் வீட்டிலேயே காணலாம். நாம் உண்ணும் சோற்றிலுள்ள மாவுப்பொருளும் குளுக்கோஸால் ஆயது. அந்நெல்லின் வைக்கோலிலுள்ள நார்ப்பொருளாகிய செல்லுலோசும் குளுக்கோஸால் ஆயது. மாவுப்பொருளில் தளை ஆல்ஃபா. நார்ப்பொருளில் தளை பீட்டா. வேறுபாடு இவ்வளவே. ஆயினும் சோறு நமக்குச் செரிக்கும், வைக்கோல் செரியாது. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் பீட்டாத் தளையை அறுக்க வல்லன. ஆதலின் மாடு வைக்கோலால் வாழ்கிறது. ஒரே சீர், வேறு தளை. ஒன்று மனிதனுக்கு உணவு, மற்றொன்று மாட்டுக்கு உணவு!

இனி, விதைப் புரதங்களின் வரலாற்றைச் சிறிது காண்போம். 1888-இல் டோர்பாட் நகரப் பல்கலைக்கழகத்தில் ஸ்டில்மார்க் என்பவர் ஆமணக்கு விதையின் நஞ்சை ஆராய்ந்தபோது, அவ்விதையிலிருந்து பெற்ற புரதம் குருதியின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்வதைக் கண்டார். டோர்பாட் என்பது இன்று எஸ்தோனியா நாட்டிலுள்ள டார்ட்டு நகரம். 1919-இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் சம்னர், நம் வாளவரைக்கு உறவான ஜாக் பீன் என்னும் அவரையிலிருந்து கான்கனவாலின் என்னும் புரதத்தைப் படிகமாகப் பெற்றார். இளமையில் வேட்டையின்போது நேர்ந்த விபத்தில் இடக்கையை இழந்தவர் அவர். ஒற்றைக் கையோடு ஆய்வுக்கூடத்தில் உழைத்து, 1946-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். 1936-இல், அக்கான்கனவாலின் சர்க்கரையைப் பற்றும் இயல்புடையது என்பதையும் அவரும் அவர்தம் துணைவரும் காட்டினர். சர்க்கரையைத் தெரிந்து பற்றும் இத்தகைய புரதங்களுக்கு 1954-இல் பாய்டு, ஷேப்லி என்னும் இருவர் லெக்டின் எனப் பெயரிட்டனர். தெரிந்தெடுத்தல் என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது அப்பெயர்.

சோயா அவரையிலும் அத்தகைய லெக்டின் ஒன்று உண்டு. இஸ்ரேல் நாட்டின் ரெகோவோத் நகரில் உள்ள வைஸ்மான் ஆய்வு நிலையத்தில் நேதன் ஷாரோன் என்பவரும் ஹலினா லிஸ் என்னும் அம்மையாரும் அதனை ஆராய்ந்தனர். பிற சர்க்கரைகளைப் பற்றும் அப்புரதம் தன்மேலும் சர்க்கரையைச் சுமந்திருப்பதை அவர்கள் கண்டனர். 1966-இல், கட்சால்ஸ்கி என்பாருடன் சேர்ந்து, அச்சர்க்கரைத் துண்டைப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டனர். அக்கட்சால்ஸ்கியே பின்னர்க் கட்சிர் எனப் பெயர் மாற்றிக்கொண்டு, 1973-இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனவர்.

சர்க்கரைத் துண்டின் அமைப்பை எவ்வாறு கண்டறிவது? படிப்படியாகக் கூறுகின்றேன், கவனமாகக் கேளுங்கள்.

முதற்படி, புரதத்தைச் செரிக்கும் நொதிகளைக் கொண்டு புரத மாலையை அறுப்பது. அமினோ அமிலங்கள் உதிர்ந்துபோக, சர்க்கரைச் சங்கிலி தான் பற்றியிருந்த அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலத்தோடு எஞ்சும். வேலியை நீக்கிக் கொடியை மட்டும் வாங்கிக்கொள்வது போன்றது இது.

இரண்டாம் படி, அமிலத்திலிட்டுக் காய்ச்சிச் சங்கிலியைத் தனித்தனிச் சர்க்கரைகளாகப் பிரித்து எண்ணுவது. சோயா அவரைச் சங்கிலியில் மானோஸ் என்னும் சர்க்கரை 9, அசெட்டைல் குளுகோசமீன் என்னும் சர்க்கரை 2, ஆக மொத்தம் 11 உள்ளன. ஆனால் இஃது ஒரு வெண்பாவின் சீர்களையெல்லாம் உதிர்த்துக் குவித்து எண்ணியது போன்றதே. எத்தனை சீர் என்று தெரிந்தது, பாட்டுத் தெரியவில்லை.

மூன்றாம் படி, பிணைப்பின் இடத்தை அறிவது. இதற்கு ஓர் அழகிய வழி உண்டு. வீட்டைப் பிரிப்பதற்கு முன் கண்ட இடமெல்லாம் சுண்ணாம்பு பூசுவதாகக் கொள்ளுங்கள். பின்னர் அவ்வீட்டைக் கல் கல்லாகப் பிரித்தால், ஒரு கல் மற்றொரு கல்லோடு ஒட்டியிருந்த பக்கத்தில் மட்டும் சுண்ணாம்பு இராது. வெறுமையான பக்கத்தைக் கொண்டே, அந்தக் கல் எங்கே பொருந்தியிருந்தது என்று கூறிவிடலாம். அவ்வாறே, சங்கிலியைப் பிரிப்பதற்கு முன் அதன் தளையற்ற இடங்களிலெல்லாம் மெத்தில் என்னும் சிறு அணுத்தொகுதியைப் பூசிவிடுவர். 1964-இல் ஹாகோமோரி என்னும் ஜப்பானிய அறிஞர் இம்முறையைச் செம்மைப்படுத்தினார்.

சோயா அவரைச் சங்கிலியின் 9 மானோஸ்களுக்கு இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓரிடத்திலும் மேற்கொண்டு சுமை தாங்காமல் நுனியாக நிற்பவை 3. இரண்டாவது கார்பனில் மற்றொன்றைத் தாங்குபவை 4. மூன்றாவது, ஆறாவது ஆகிய இரு கார்பன்களிலும் தாங்கிக் கவையாக நிற்பவை 2. மூன்றும் நான்கும் இரண்டும் ஒன்பது, கணக்குச் சரி. ஆனால், அந்நான்கு இடைநிலைச் சர்க்கரைகளை மூன்று கிளைகளுக்கும் எவ்வாறு பங்கிடுவது? ஒரு கிளைக்கே நான்கையும் கொடுத்தாலும் கணக்கு மாறாது. ஒன்றுக்கு இரண்டும், மற்றவற்றுக்கு ஒவ்வொன்றுமாகக் கொடுத்தாலும் கணக்கு மாறாது. கூட்டுத்தொகை சரியாக இருப்பதனாலேயே விடை சரியாகிவிடாது என்பதை இங்கே காண்க.

நான்காம் படி, நொதிகளைக் கொண்டு நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கொய்வது. ஆல்ஃபாத் தளையால் பிணைந்த மானோஸை மட்டும் கொய்யும் நொதி ஒன்று முன் கூறிய ஜாக் பீன் விதையிலேயே உண்டு. அது 8 மானோஸ்களைக் கொய்துவிட்டு, அடியிலுள்ள ஒன்றைத் தொடாது விட்டுவிடும். ஏன்? அவ்வொன்று மட்டும் பீட்டாத் தளையால் பிணைந்திருக்கிறது. ஒரு விதையின் மறையை மற்றொரு விதையே அவிழ்த்துத் தருகின்றது!

இம்முறைகளாலெல்லாம் ஆராய்ந்து, 1978-இல் லிஸ், ஷாரோன் இருவரும் அச்சங்கிலியின் அமைப்பை வெளியிட்டனர். பெரும்பணி முடிந்தது என்று அவர்கள் இருந்துவிட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் இருந்துவிடவில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் விளீகந்தார்ட் என்பவரின் ஆய்வுக்குழுவிடம் வேறொரு கருவி இருந்தது. பொருளை ஆற்றல் மிக்க காந்தத்தின் நடுவே வைத்து, வானொலி அலையைச் செலுத்தினால், அப்பொருளிலுள்ள ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவும் தன் சூழலுக்கேற்ற மறுமொழியைத் தரும். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்பது இதன் பெயர். ஒவ்வொரு சர்க்கரையின் முதற் கார்பனிலுள்ள ஹைட்ரஜனும், தன் அயலில் யார் யார் உள்ளனர் என்பதற்கேற்பத் தனிக்குரல் எழுப்பும். பொருளை உடைக்க வேண்டுவதில்லை, அறுக்கவும் வேண்டுவதில்லை. செய்யுளைப் பிரித்துச் சீர்களை எண்ணுவதற்கும், அதனை ஒருவர் வாய்விட்டு ஓதக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே உண்டு.

இரு நாட்டாரும் கூடி மீண்டும் ஆராய்ந்து, 1981-இல் அச்சங்கிலியின் அமைப்பை ஐயமற நிறுவினர். அடியில் அசெட்டைல் குளுகோசமீன் இரண்டு. அவற்றின்மேல் பீட்டாத் தளையால் பிணைந்த ஒரு மானோஸ். அது இரண்டாகக் கவைக்கும். ஒரு கவையில் மூன்று மானோஸ்கள் வரிசையாக நிற்கும். மற்றொரு கவையில் நிற்கும் ஒரு மானோஸ் மீண்டும் இரண்டாகக் கவைத்து, கிளைக்கு இவ்விரண்டு மானோஸ்களைத் தாங்கும். தாளும் எழுதுகோலும் எடுத்து இதனை வரைந்து பாருங்கள்; நுனி 3, இடைநிலை 4, கவை 2 என்னும் முன்னைக் கணக்கு அப்படியே பொருந்துவதைக் காண்பீர்கள்.

இவ்வமைப்பு விலங்குகளின் புரதங்களில் காணப்பெற்ற ஒரு சங்கிலியோடு முழுதும் ஒத்திருந்தது. சோயாச் செடி எங்கே, விலங்கு எங்கே! ஆயினும் உயிரணுவினுள் 3 குளுக்கோஸ், 9 மானோஸ், 2 அசெட்டைல் குளுகோசமீன் ஆகிய 14 சர்க்கரைகளைக் கொண்ட ஒரே சங்கிலியை முதலிற் கட்டி, அதனை முழுமையாகப் புரதத்தின்மேல் ஏற்றும் வழக்கம் செடிக்கும் விலங்குக்கும் பொது. ஏற்றும் இடத்திற்கும் இலக்கணம் உண்டு. அஸ்பராஜினை அடுத்து ஏதேனும் ஓர் அமினோ அமிலமும், அதனை அடுத்துச் செரின் அல்லது திரியோனினும் வருதல் வேண்டும்; நடுவில் வருவது புரோலினாக மட்டும் இருத்தல் ஆகாது. இதனைக் கேட்டபோது, நன்னூல் நூற்பாவொன்றைப் புறனடையோடு கேட்டது போன்ற இன்பம் எனக்கு உண்டாயிற்று.

பொதுவாகத் தொடங்கிய இவ்வழி பின்னர்ப் பிரிகிறது. புரதம் மடங்கும்போது உட்புறம் மறைந்துவிட்ட சங்கிலி பெரும்பாலும் மாறாது நிற்கும்; வெளியே தெரியும் சங்கிலியைச் செடி கத்தரித்து வேறு சர்க்கரைகளைச் சேர்க்கும். அவரை வகைகளுள் நாம் பீன்ஸ் என வழங்குவதன் விதையிலுள்ள லெக்டினில், ஒரே புரதத்தின்மேல் மாறாத சங்கிலி ஒன்றும், மாறிய சங்கிலி ஒன்றும் உள்ளன. மாறிய சங்கிலியில் செடிகள் சைலோஸ் என்னும் சர்க்கரையையும், ஃபியூக்கோஸ் என்னும் சர்க்கரையையும் சேர்க்கின்றன. நம் உடலின் இத்தகைய சங்கிலிகளில் சைலோஸ் இல்லை. ஃபியூக்கோஸ் நம்மிடமும் உண்டு. ஆனால் தளை வேறு. அடியிலுள்ள சர்க்கரையின் மூன்றாவது கார்பனில் செடி அதனைப் பிணைக்கிறது; நம் உடலோ ஆறாவது கார்பனில் பிணைக்கிறது.

சீர் ஒன்றே, தளை வேறு என்பதனை நம் உடல் நன்கு அறியும். பூந்தாது மூக்கினுள் புகுந்தாலும், தேனீ கொட்டினாலும், அவற்றிலுள்ள இவ்வயற்றளையைக் கண்டு உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கக்கூடும். அவ்வெதிர்ப்பொருள், நிலக்கடலை முதலிய செடிப்பொருள்களில் அத்தகைய சங்கிலியைக் கண்டவிடத்தெல்லாம் சோதனைக் குழாயில் பற்றிக்கொள்ளும். சோதனைத் தாள், "ஒவ்வாது" என்று எழுதிவிடும். 1997-இல் நெதர்லாந்து ஆய்வாளர், புல்லின் பூந்தாது ஒவ்வாதவர்களிடம் இத்தகைய எதிர்ப்பொருளை ஆராய்ந்து, குருதிச் சோதனையில் கடலையைப் பற்றும் அது உடலில் விளைவிக்கும் செயல் மிகக் குறைவு எனக் காட்டினர். என் பேத்தியின் அச்சம் நீங்குதற்கு வழி வகுத்தது இவ்வறிவே.

இச்செடித்தளையை அறுப்பதிலும் ஒரு சுவையுண்டு. புரதத்தினின்றும் சங்கிலியை முழுதாகக் கழற்றுதற்கு ஆய்வுக்கூடங்களில் பெரிதும் வழங்கும் நொதி ஒரு நுண்ணுயிரிடமிருந்து வந்தது. அடியில் செடிக்குரிய ஃபியூக்கோஸ் இருந்தால் அந்நொதி செயலற்றுப்போகும். அவ்விடத்துக் கைகொடுப்பது பாதாம் பருப்பிலிருந்து பெறும் நொதி. 1977-இல் ஜப்பானில் தகாஹாஷி என்னும் அறிஞர் பாதாமில் இத்தகைய நொதி இருப்பதை வெளியிட்டார். செடியின் பூட்டுக்குச் செடியே திறவுகோல் தருகின்றது. இக்காலத்தில், பொருளின் நிறையை நுட்பமாக அளக்கும் நிறைமாலை அளவிகளும் வந்துள்ளன. முன்னர்ப் பெருமளவு விதையை அரைத்துப் பெற்ற செய்தியை, இன்று மிகச் சிறிய அளவைக் கொண்டே பெறுகின்றனர்.

இவ்வரலாற்றில் என் உள்ளத்தைக் கவர்ந்தது கருவிகளின் பெருமையன்று. ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூறி மற்றொன்றைக் கூறாது விட்டது. எண்ணிய முறை இடத்தைக் கூறவில்லை. இடத்தைக் கூறிய முறை வரிசையைக் கூறவில்லை. ஒன்று விட்டதை மற்றொன்று நிரப்பிற்று. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த நம் முன்னோரும் இவ்வாறே ஓர் ஏட்டில் சிதைந்ததை மற்றோர் ஏட்டில் தேடினர்; ஓசையும் பொருளும் இலக்கணமும் ஒருங்கே இசைந்த பின்னரே பாடம் இதுவெனத் துணிந்தனர். அதனினும் பெரிது, தாம் வெளியிட்ட முடிவையே மூன்றாண்டுகளில் மறுபடியும் சோதனைக்கு உட்படுத்த அவ்வறிஞர்கள் முன்வந்தது. முன்பு எழுதியதைக் காத்துக்கொள்வதினும் உண்மையைக் காத்தல் மேல் என அவர்கள் கருதினர்.

மாணவச் செல்வங்களே! கணக்கில் விடை வந்தவுடன் ஏட்டை மூடிவிட நம் கை விரைகிறது. செய்யுளுக்குப் பொருள் ஒன்று தோன்றியவுடன் அடுத்த பாட்டுக்குச் செல்ல நம் கண் விரைகிறது. அவ்விடத்தில் சற்று நில்லுங்கள். கூட்டுத்தொகை சரியாக வந்துள்ளது. வேறு வகையாகப் பங்கிட்டாலும் இதே தொகை வருமோ என்று ஒருமுறை கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்டவர்களாலேதான் ஓர் அவரை விதைக்குள் இருந்த பதினொரு சர்க்கரைகளின் ஒழுங்கு உலகிற்குத் தெரிந்தது.